ஒன்பது நோட்டு, ஒரு ரோசி

விடிவதற்குள் கல்மண்டபம் இறால் கொட்டகையில் ஐஸ் உடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். இருபது பெண்கள் ஐஸ் தண்ணீரில் கால் வைத்துக் குந்தி, தலையைக் கிள்ளி ஓட்டை உரிப்பார்கள். பாதம் மரத்துக் கிடக்கும். குளிர்தான் காரணம் என்று நினைத்திருந்தார்கள்.

அவர்களில் ஒன்பது பேருக்குச் சர்க்கரை. ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்குப் பார்ப்பது செவ்வாய் காலையில். இறால் வருவதும் காலையில். அதனால் மாதம் ஒருமுறை அவர்களில் ரோசி மட்டும் ஒன்பது பேரின் ஆஸ்பத்திரி நோட்டையும் ஒரே கட்டாக அள்ளிக்கொண்டு ஓடுவாள். டாக்டர்களும் ஆளைப் பார்க்காமலே பழைய மாத்திரையை எழுதிக் கொடுப்பார்கள். ரத்தம் பார்க்கணும் என்றால், "அடுத்த மாசம் வருவாங்கோ" என்பாள். இரண்டு வருஷமாக அதே பதில். ஊருக்கு உபகாரம் செய்கிற பெருமை வேறு, பாவி மகளுக்கு.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான ரஹீமுன்னிசாவின் காலில் இறால் கொம்பு குத்தியது அவளுக்கே தெரியவில்லை. புண் அழுகியபோது இறால் நாற்றத்தில் அதுவும் கலந்துபோயிற்று. மூன்று விரலை எடுத்தார்கள்.

"மருந்த எப்பவோ மாத்தியிருக்கணும். இவங்கள யாருமே பாக்கலையா?" என்றார் புது டாக்டரம்மா. அந்த நோட்டை மாதாமாதம் நீட்டியவள் ரோசிதான்.

மறுமாதம் திங்கட்கிழமை முதலாளி வெள்ளத்துரையிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நாளிக்கு ஒம்போது பேரும் ஆஸ்பத்திரி போறோம். வர லேட்டாவும்."

"எப்பவும் நீ ஒருத்திதான போவ?"

"நான் ஒருத்தியே போயித்தான் ரஹீமா வெரலு பூட்ச்சி."

"அதுக்கு எறா காத்துக் கெடக்குமா? போறவ திரும்பி வர வேண்டாம்."

சர்க்கரையே இல்லாத ஷாலு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "அப்போ நாங்களும் வர்ல. நீயே உரிச்சிக்கினு கெட."

செவ்வாய் காலை நர்ஸ் வழக்கம்போலக் கையை நீட்டினார். "கட்டக் குடும்மா."

"கட்டு இல்ல மேடம். ஆளுங்களே வந்துகீறாங்க."

கொட்டகை இனி திறக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஷாலுவின் தோளைப் பிடித்தபடி ரஹீமுன்னிசாவும் வந்திருந்தாள்.

டாக்டரம்மா ரோசியின் பாதத்தில் தூண்டில் நரம்பு போன்ற ஒன்றை வைத்து அழுத்தினார். "தெரியுதா?"

இத்தனை நாள் அந்த நோட்டுக் கட்டுக்குள் அவள் நோட்டும்தான் இருந்தது. ரோசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள்:

"தெரியல டாக்டரம்மா."

பழைய மாத்திரையை அடித்துவிட்டு டாக்டரம்மா வேறு எழுதினார். ரோசிக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகச் செருப்பைக் கழற்றினார்கள்.