பிக்கப் போன கார்

காரை உதைத்தால் தன் கால்தான் வலிக்கும் என்று தெரிந்தும் அழகேசன் முன் டயரில் ஓர் உதை விட்டார். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் வட்டாரத்தில், பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் நான்காம் தளம். சனிக்கிழமைக் காலை எட்டு மணி. ஐம்பத்தாறு வயது ஆள் சொந்தக் காரை உதைப்பதைப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் சீனப் பெண்மணி ஒருவர் பார்த்துவிட்டு லிஃப்டுக்குள் அவசரமாக நுழைந்துகொண்டார். பார்க்கட்டும். மூன்று மாதமாக அவர் படுகிற பாடு அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்?

சின்ன உடம்பும் பெரிய எஞ்சினுமாக, டர்போ வைத்த சிவப்புக் கார் அது. ஹாட் ஹேட்ச் என்று இளவட்டங்கள் சொல்கிற வகை. அழகேசன் இளவட்டம் இல்லை. இருபத்திரண்டு வருடம் துவாஸ் குளிர்பதனக் கிடங்கிலிருந்து தேக்கா கடைகளுக்கு ஆட்டிறைச்சி வேன் ஓட்டியவர். அந்த வேன் மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பின்கதவில் எழுபது என்று வட்டம் போட்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தும் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். இருபத்திரண்டு வருட ஹாரனையும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர், சூப்பர்வைசராகி மேசையில் உட்கார்ந்த பிறகு தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். மிதித்தால் பாய்கிற ஒரு கார்.

வாங்கிய புதிதில் அது பாயத்தான் செய்தது. விற்ற பையன் திரையில் எதையெதையோ தொட்டு, 'இண்டிவிஜுவல்' என்று ஓர் ஓட்டமுறையை வைத்துக்கொடுத்தான். அங்கிள், இது உங்களுக்கென்றே வைத்தது, இனி நீங்கள் எதையும் தொடவே வேண்டாம் என்றான். அழகேசனும் தொடவில்லை. முந்நூறு பக்கக் கையேட்டை முன்பெட்டியில் போட்டு மூடியவர், பிறகு அதைத் திறந்து பார்க்கவும் இல்லை. அந்த வீட்டில் கையேடு படிக்கிறவள் அவர் மனைவி ரத்தினம்மா ஒருத்திதான். சோற்றுப் பானையோ துணி துவைக்கும் மெஷினோ எது வந்தாலும், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பாள்.

பதினாலு மாதம் ராஜபோகம். அதற்குப் பிறகுதான் இந்தச் சனியன் பிடித்தது. சிக்னலில் பச்சை விழுந்து மிதித்தால், கார் யோசித்தது. தூங்குகிற ஆளை உலுக்கினால் "என்ன?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பானே, அந்த மாதிரி. எஞ்சின் மூவாயிரம் சுற்றைத் தாண்டினால் பழைய சத்தம் கொஞ்சம் வரும். அதற்குக் கீழே சுத்தமாகப் பிக்கப் இல்லை. பக்கத்துத் தடத்தில் நின்ற பேருந்து முந்திக்கொண்டு போயிற்று. அன்றைக்கு அழகேசனுக்குச் சோறு இறங்கவில்லை.

ரத்தினம்மாவைப் பார்த்தால் எரிச்சல் இன்னும் ஏறியது. முன்பெல்லாம் காரில் ஏறினால் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, முருகா முருகா என்று முணுமுணுத்தபடி தேக்காவரை வருவாள். மெதுவாகப் போங்கள் என்று பிஐஇ விரைவுச்சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவாள். இப்போது ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிப்போகிறாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் குறட்டை விடுகிற அளவுக்கு இந்தக் கார் செத்துவிட்டதே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

முதலில் போனது சின் மிங்கில் ஒரு வொர்க்‌ஷாப். அங்கிருந்த கிழவர் இரண்டு தெரு ஓட்டிப் பார்த்து, நன்றாகத்தான் போகிறது, கீழ்ச் சுற்றில் டர்போ கார் எல்லாம் அப்படித்தான் லா என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது இடம் ஆங் மோ கியோவில். ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள். காரோ கொஞ்சமும் மாறவில்லை. அதன் பிறகுதான் காக்கி புக்கிட்டில் அதீஃபிடம் வந்து சேர்ந்தார். அவனுடைய அத்தா தேக்காவில் மசாலாக் கடை வைத்திருந்தவர். வேன் ஓட்டிய காலத்திலேயே குடும்பத்தோடு பழக்கம். அதீஃப் பொறுமைசாலி. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான், ஒரு குறையும் காட்டவில்லை. காற்று போகிற குழாயில் புகை விட்டு ஓட்டை தேடினான், இல்லை. வால்வில் படிந்திருந்த கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்தான். ஒவ்வொரு தடவையும் அவன் ஓட்டிப் பார்க்கும்போது கார் பறந்தது. அழகேசன் வீட்டுக்கு ஓட்டி வரும்போது படுத்துக்கொண்டது.

"அண்ணே, என் கையில இருந்தா நல்லாத்தான் போவுது. பிரச்சினை காருல இல்லண்ணே" என்று போன வாரம் அதீஃப் சொல்லிவிட்டான்.

அப்படியானால் பிரச்சினை யாரிடம்? எனக்கு ஓட்டத் தெரியாது என்கிறாயா? உன் அத்தா கடைக்குச் சரக்கு ஏற்றின காலத்திலிருந்து ஓட்டுகிறேன் என்று அழகேசன் ஆரம்பித்து, அப்புறம் சொன்னதெல்லாம் சொல்லியிருக்கக் கூடாதவை. அதீஃப் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து ரத்தினம்மாவிடம் முடிவாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை கடைசித் தடவை. சரியாகவில்லை என்றால் திங்கட்கிழமை டீலர் வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுவான், பேசியாகிவிட்டது. அந்தக் காரைக் கண்டாலே ஆகாதவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, விற்க வேண்டாமே என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, அடுத்த வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

இதோ, அந்தக் கடைசிச் சனிக்கிழமை.

காக்கி புக்கிட்டில் அதீஃப் பழையதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, அல்லது வைத்துக்கொண்டதைக் காட்டவில்லை. இன்றைக்கு நீங்களே ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்றான். முதல் சிக்னலிலேயே கார் மானத்தை வாங்கியது. பார்த்தாயா, பார்த்தாயா என்று அழகேசன் ஸ்டீரிங்கைத் தட்டினார். எஞ்சினை அணைக்காமல் இடம் மாறி அதீஃப் ஓட்டினான். அவனுக்கும் இழுக்கவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக இன்னொரு ஆள் கையிலும் அது இழுக்கவில்லை. அழகேசனுக்கு அழுகையே வரும்போலிருந்தது. தனக்குப் பைத்தியம் இல்லை என்று ஊர்ஜிதமான நிம்மதி அது.

திரும்பி வந்ததும் காரை உள்ளே ஏற்றச் சாவி கேட்டான் அதீஃப். அழகேசன் வழக்கம்போலத் தன் சாவிக்கொத்தைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த மாற்றுச் சாவியை நீட்டினார். கொத்தில் வீட்டுச் சாவியும் தபால் பெட்டிச் சாவியும் கிடக்கின்றன. எந்த வொர்க்‌ஷாப்புக்கும் அவர் அதைக் கொடுத்ததில்லை. அந்த ஜாக்கிரதையில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதீஃப் மாற்றுச் சாவியோடு உட்கார்ந்து பெடலைத் தொட்டதுதான் தாமதம், கார் துள்ளிப் பாய்ந்து, அடுக்கி வைத்த டயர்களுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவன் சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணே, இத்தனை நாளும் எனக்கு இந்தச் சாவிதான் குடுத்தீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்தக் கொத்தைக் குடுங்க."

இந்தக் காரில் ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனி ஞாபகம் உண்டு என்று அதீஃப் விளக்கினான். யார் சாவியோ அவர் அமைப்பில்தான் கார் ஓடும். கொத்துச் சாவியைப் போட்டுத் திரையைத் தொட்டு, இண்டிவிஜுவலுக்கு உள்ளே போனான். ஸ்டீரிங்குக்கு நேராக ஸ்போர்ட் என்றிருந்தது. எஞ்சினுக்கு நேராக எக்கோ. பெட்ரோலை மிச்சப்படுத்த, மிதித்ததில் பாதிதான் மிதித்ததாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு. அது தானாக மாறாது, யாராவது கையால் மாற்றினால்தான் உண்டு.

யாரும் தொடுவதில்லையே என்றார் அழகேசன். அதீஃப் சரிபார்க்கலாம் என்று முன்பெட்டியிலிருந்து கையேட்டை எடுத்தான். அது தானாகவே ஒரு பக்கத்தில் பிளந்துகொண்டது. நடுவில் அடையாளத்துக்கு ஒரு டோட்டோ லாட்டரிச் சீட்டு. அழகேசன் வாங்கி, பரிசு விழாமல் போன சீட்டு. குலுக்கல் தேதி மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை. அந்த வாரச் சனிக்கிழமை அவர் இன்னொரு சீட்டுக்கு வரிசையில் நின்றார், முக்கால் மணி நேரம். ரத்தினம்மா குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள். சாவிக்கொத்து அவளிடம்தான் இருந்தது.

அதீஃப் சீட்டைப் பார்த்தான், அழகேசன் முகத்தைப் பார்த்தான், எஞ்சினை ஸ்போர்ட்டுக்கு மாற்றினான். போன வாரம் பேசியதற்கு அழகேசன் மன்னிப்புக் கேட்டார். விடுங்கண்ணே என்றான் அவன்.

வழி நெடுகக் கார் பாய்ந்தது. அதை அனுபவிக்க அவரால் முடியவில்லை. மூன்று வொர்க்‌ஷாப், பன்னிரண்டு சனிக்கிழமை, கண் முன்னால் தான் அலைந்து திரிந்ததைப் பார்த்துக்கொண்டே ரத்தினம்மா வெங்காயம் நறுக்கியிருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் கேட்க வேண்டியதை வரிசைப்படுத்தி, சத்தமாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

புளோக்குக்குக் கீழே ரத்தினம்மா காய்கறிப் பையோடு நின்றிருந்தாள். ஏறினாள். சரியாகிவிட்டதா என்று கேட்டாள். அவர் விரைவுச்சாலையில் சேருகிற வளைவில் பெடலை மிதித்தார். கார் பாய்ந்தது. அவள் கை தன்னாலே மேலே போய்க் கைப்பிடியைப் பற்றியது. வளையல் முழங்கைவரை சறுக்கியது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. பதினாலு மாதம் அந்தக் கை அங்கேதான் இருந்தது, அவர் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

தேக்காவை நெருங்கும்போது, சிராங்கூன் ரோட்டுச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. டோட்டோ சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள்.

"நாந்தான் மாத்தினேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பதினாலு மாசமா மெதுவா போங்கன்னு சொல்லிக்கிட்டுத்தானே வந்தேன். நீங்க கேக்கல. கார்கிட்ட சொன்னேன், அது கேட்டுச்சு."

"நான் மூணு வொர்க்‌ஷாப் ஏறி எறங்கினேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

ரத்தினம்மா சீட்டை நாலாக மடித்தாள். "இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏறுவேன். உக்காந்தா தூக்கம் வந்துடும். இந்தக் கார் வாங்கினதுலேருந்து, இந்த மூணு மாசந்தாங்க நான் உங்க பக்கத்துல பயமில்லாம உக்காந்தேன். இன்னும் ஒரு வாரம் தூங்கிக்கலாமேன்னு விட்டுட்டேன். தப்புதான்."

பச்சை விழுந்தது. வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. இப்போது அதில் பாதி தன்மேலேயே திரும்பியிருந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. தேக்கா சந்தையில் அவள் மீன் வாங்கி முடிக்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் பையைச் சுமந்து நடந்தார். மீன்காரர் நலம் விசாரித்ததற்குக்கூடத் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்தவர், எஞ்சினை எழுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"நீயே மாத்து."

அவள் அவரை ஒரு தரம் பார்த்தாள். கையேடு தேவைப்படவில்லை. நாலு தடவை தொட்டாள், எக்கோ வந்துவிட்டது. மூன்று மெக்கானிக்குகள் மூன்று மாதம் தேடியது நாலு தொடுதலில் அடங்கியதை நினைக்க அவருக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. மாற்றுச் சாவி சட்டைப் பையில் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேலைக்குத் தனியாகப் போகிற நாளுக்கு அது போதும்.

விரைவுச்சாலையில் ஏறும் வளைவில் கார் பழையபடி யோசித்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். எழுபது ஒட்டிய வேன் ஒன்று, ஆம், வேன், அவரைத் தாண்டிப் போனது. வாய்வரை வந்த வார்த்தையைச் சொல்லத் திரும்பினார். ரத்தினம்மாவின் கை மடியில் கிடந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. பாதி வழிக்கு முன்பே வருகிற பாய லேபார்கூட இன்னும் வரவில்லை.

பின்னால் மறுபடி ஹாரன். அழகேசன் இடது தடத்துக்கு மாறி, ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். டீலருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவள் எழுந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.