அடி வளைந்த மரங்கள்

ஜவுளிக்காரன் நான், பேரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. மலைச் சரிவில் ஒரு வீட்டைப் பாதி விலைக்குப் பேசி முடித்துவிட்டு, நிலவியல் துறையில் வேலை பார்க்கும் என் மனைவியை அழைத்துப்போய்க் காட்டினேன்.

அவள் வீட்டைப் பார்க்கவில்லை, பின்னாலிருந்த மரங்களைப் பார்த்தாள். பிறகு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் பல்லில் வைத்து அரைத்தாள். நான் துணியை விரலில் தேய்த்துப் பார்ப்பேனே, அப்படி.

“மரமெல்லாம் அடியில வளைஞ்சிருக்கு பாருங்க. மண்ணு மெல்ல மெல்லக் கீழ நகருது, மரம் நிமிரப் பார்க்குது. மண்ணு பல்லுல நறநறங்கல, மணலே இல்ல, வெறும் களிமண்ணு. பெருமழை வந்தா வீட்டு மேலயே சரியும்.”

“அதான் அண்ணன் சட்டுனு விலை இறங்கினாரா?” என்றேன், கூடவே நின்ற வீட்டுக்காரரிடம்.

அவர் முகம் வெளிறிவிட்டது. “சத்தியமா தெரியாதும்மா. எங்க குழந்தையே பின்னறையிலதான் தூங்குது.”

வானம் ஏற்கெனவே கறுத்திருந்தது. அவள் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து என் தோளில் போட்டாள்.

“வேற வீடு கிடைக்கிற வரைக்கும் இவங்க நம்மகூட இருக்கட்டுங்க.”

அவள் உதட்டோரத்து மண்ணைத் துடைத்துவிட்டேன். குழந்தை என் சட்டையில் எச்சில் ஒழுக்கியது. அவள் கேட்டதற்குப் பேரமே பேசாமல் ஒப்புக்கொண்டேன்.