கை விழுந்த விதம்

நினைவில்லாதவரின் கையை முகத்துக்கு நேரே தூக்கி விட்டால் எங்கே விழும், தெரியுமா?

முகத்தில்தான் விழும். நடிப்பவரின் கை முகத்தைத் தப்பிப் பக்கத்தில் விழும். காஜா பேராங்கில் இரண்டு கட்டில் போட்ட கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளாக, டிரெசராக இருந்த பொன்னுதுரைக்கு இது அத்துப்படி.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு நாலு நாள் இருந்தது. லாரி ஓட்டும் சேதுபதி, பெண்டாட்டி பூங்காவனத்தைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து கட்டிலில் எறிந்தான். விறகுக் கட்டையால் அடித்திருக்கிறான். தலையில் ரத்தம் கட்டியாய் உறைந்திருந்தது.

“நடிக்கிறா லா. எழுப்பி விடுங்க டிரெசரே. வீட்டுக்குக் கொண்டுபோய் மிச்சத்த முடிச்சிடுறேன்.”

பொன்னுதுரை அவள் வலது கையைத் தூக்கி விட்டார். கை மூக்கைத் தப்பிக் காதோரம் விழுந்தது.

அவர் நோயாளியின் விவரம் எழுதும் அட்டையை எடுத்தார். கை காலைத் தொட்டுப் பார்த்து எழுத டாக்டர் மூன்று சொல் கொடுத்திருந்தார். விறைத்தால் ஸ்பாஸ்டிக். சரியாயிருந்தால் நார்மல். துணியாய்த் துவண்டால் ஃபிளாசிட்.

ஃபிளாசிட் என்று எழுதினார்.

“கை காலு தொளதொளன்னு கெடக்குய்யா. காலையில டாக்டர் பாக்காம அனுப்ப முடியாது.”

“நான் பாக்குறேன்.”

சேதுபதி அவள் கையைத் தூக்கி விட்டான். இந்தத் தடவை கை மூக்கின் மேலேயே பொத்தென்று விழுந்தது. அவள் அசையவில்லை. அவன் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். முறிந்த சத்தம் பொன்னுதுரைக்குக் கேட்டது. அவளிடமிருந்து முனகல்கூட வரவில்லை. அடுத்த விரலைப் பிடித்தான்.

பொன்னுதுரை மருந்துப் பாட்டில் தொங்கும் இரும்புக் கம்பியைப் பிடுங்கி அவன் முழங்கையில் இறக்கினார். எலும்பு நொறுங்கி, கை துவண்டு தொங்கியது. அவன் சுவரில் சாய்ந்து அலறினான்.

“டாக்டர் வரட்டும்டா! அவளையும் தூக்கிட்டுப் போவேன், ஒன் கழுத்தையும் அறுப்பேன்!”

தடுமாறிக்கொண்டே வெளியே போனான்.

“போய்ட்டானா அண்ணே?” கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

“போய்ட்டான். ஒனக்கு யாரும்மா இருக்கா?”

“மூவார்ல அக்கா.”

மறுநாள் காலை ஆறரை மணி பஸ்ஸில் பூங்காவனம் மூவாருக்குப் போனாள். ஏழு மணிக்குச் சேதுபதி நல்ல கையில் கத்தியோடு வந்து காலிக் கட்டிலைப் பார்த்தான். பொன்னுதுரையின் கழுத்தில் பதினோரு தையல் போட்டார்கள்.