பதினாறு நாள் வெளிச்சம்

ரமணி அந்த மீன் தொட்டியைத் திட்டாத நாள் கிடையாது. கிள்ளானில் இருப்பதே கைக்குட்டை அளவு ஃபிளாட். அதில் ஹாலின் பாதியை நாலடித் தொட்டி பிடித்துக்கொண்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அம்மா இறந்த மறுமாதம் தம்பி ஜீவன் அதைக் கொண்டுவந்து இறக்கினான். அதற்குப் பிறகு வீட்டில் அக்காவும் தம்பியும்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. சொந்தக்காரர்கள் அதைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்தி நாளாயிற்று.

மீனைவிட அவனுக்குச் செடிகள் மேல்தான் பைத்தியம். தண்ணீருக்குள்ளேயே ஒரு தோட்டம் போட்டான். அதற்கு விளக்கு வேண்டும். கடைக்குப் போய் விலை கேட்டவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வடியப் பொருத்துவார்களே, அந்தப் பிளாஸ்டிக் காடியில் நாலடி வெட்டி வாங்கினான். உட்புறம் வெள்ளைப் பெயின்ட் அடித்து, நான்கு ஹோல்டர் பொருத்தி, அட்டையில் ‘டேலைட்’ என்று எழுதியிருந்த எல்இடி பல்புகளாகப் பார்த்து மாட்டினான். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் அவன் எலெக்ட்ரீஷியன். கைவேலை சுத்தமாக இருக்கும்.

சுவரில் ஒரு பழைய மாதிரி டைமர். அதன் வட்டத் தட்டு கடிகாரம்போல் சுற்றிக்கொண்டே இருக்கும். காலை ஐந்தரைக்கு டக்கென்று விளக்கு வரும், ஒன்பதரைக்குப் போய்விடும். மறுபடி மாலை ஐந்தரைக்கு வந்து ஒன்பதரைக்குப் போகும்.

ரமணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை. விடியுமுன் கிளம்பி, கொமுட்டர் ரயிலில் இடிபட்டு, பொழுது சாய்ந்து வீட்டுக்கு வருவாள். கதவைத் திறந்தால் ஹால் பளிச்சென்று இருக்கும்.

“எதுக்குடா இத்தன வெளிச்சம்?”

“செடிக்குலா, அக்கா.”

பன்னிரண்டு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜீவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆம்புலன்ஸில் அவள் கையைப் பற்றி, “டேங்க்க பாத்துக்கக்கா, எல்லாம் செத்துடப் போவுது” என்றான். “பேசாம வாடா, பெரிய டேங்க்கு” என்று அதட்டினாள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன் அவன் போய்விட்டான். நாற்பத்து நான்கு வயது. அந்த அதட்டலை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

மறுநாள் காலை ஹாலில் அவனைக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது தொட்டி விளக்கு டக்கென்று அணைந்தது. மணி ஒன்பதரை. அது தன் வேலையைத்தான் செய்தது. ஆனால் சாவு வீட்டில் அதை யார் யோசித்தார்கள்?

“ஐயையோ, அவன் கையால செஞ்ச வெளக்கு அணைஞ்சிருச்சே!” என்று அஞ்சம்மாள் சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “புள்ள போறப்ப வீடு இருட்டாவா இருக்கணும்? பதினாறு முடியிற வரைக்கும் இது அணையவே கூடாது.”

யாரோ டைமரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விளக்கை நேராகச் சொருகினார்கள். பொய் சொல்வானேன், ரமணிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவன் படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு ஒருபக்கம், தொட்டி விளக்கு ஒருபக்கம். இரண்டையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். மற்ற எந்த விளக்கையும் போட வேண்டியிருக்கவில்லை. தம்பி கேட்டதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்றே நினைத்தாள்.

எட்டாம் நாள் தண்ணீர் லேசாகப் பச்சை பிடித்தது. பன்னிரண்டாம் நாள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பயந்துபோய்ச் சின்னம்மாவைக் கேட்டாள். “பதினாறு முடியட்டும்டி” என்றாள் அவள். அணைக்க ரமணிக்கும் கை வரவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள், ஜீவன் வழக்கமாகப் போகும் மீன் கடையில் வேலை செய்யும் நிஜாம் வந்தான். ராமநாதபுரத்துப் பையன், வேலை பெர்மிட்டில் வந்து ஆறு வருடம். தொட்டியைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

“எத்தன மணி நேரம்க்கா லைட்டு போட்டீங்க?”

“அணைக்கவே இல்லப்பா.”

“பதினாறு நாளுமா?” கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தான். “செடிக்கும் ராத்திரி வேணும்க்கா. இவ்வளவு வெளிச்சம் கண்டா பாசிதான் வளரும். அது மூடிக்கிட்டா செடி செத்துரும்.”

ரமணி தொட்டிக் கண்ணாடியில் கையை வைத்தாள். பாத்துக்கக்கா என்றானே. பார்த்துப் பார்த்தே கொன்றுவிட்டாள்.

நிஜாம் செத்த மீன்களை எடுத்துப் போட்டான். காற்று மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, விளக்கை அணைத்து, கறுப்புக் குப்பைப் பைகளை வெட்டித் தொட்டியைச் சுற்றி ஒட்டினான். “நாலு நாள் இருட்டுல கெடக்கட்டும். திங்கக்கிழம காலைல பிரிங்க. எது பொழைக்குதோ பொழைக்கட்டும். பொறவு டைமர்லயே போடுங்கக்கா.”

நான்கு நாளும் சின்னம்மா கூடவே இருந்தாள். ஹால் விளக்கைப் போடுவது, அணைப்பது எல்லாம் அவள்தான். ஞாயிறன்று செராஸில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

திங்கட்கிழமை ரமணியின் விடுமுறையும் முடிந்தது. விடியுமுன் எழுந்து, சமையலறை வெளிச்சத்தில் பைகளைப் பிரித்தாள். தண்ணீர் தெளிந்திருந்தது. தோட்டம் இல்லை. அழுகிய தண்டுகளும், அடியில் இரண்டு சின்ன மீன்களும் இருந்தன. மரக்கட்டையில் கட்டியிருந்த செடியில் மட்டும், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரே ஓர் இலை பச்சையாக நின்றது. அதைப் பார்த்து வாய்விட்டு, “ஜீவா” என்றாள். டைமரைத் தேடி எடுத்துச் சொருகி, விளக்கை அதில் மாட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினாள். அதுவாகவே நேரத்துக்கு எரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ரயில் தாமதம். ஏழே முக்காலுக்குக் கதவைத் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு. சுவரில் கையை வைத்துத் தடவினாள். சுவிட்ச் அகப்படவில்லை. கதவுக்கு இந்தப்பக்கமா, அந்தப்பக்கமா? பன்னிரண்டு வருடமாக வேலை முடிந்து வந்து அதைத் தேட வேண்டியிருந்ததே இல்லை. அம்மா கீழே விழுந்து கிடந்த அன்று இப்படித்தான் இருட்டுக்குள் நுழைந்து, அம்மாவின் கால் தடுக்கி நின்றாள். செருப்போடு அங்கேயே நின்று நிஜாமை அழைத்தாள்.

“வெளக்கு எரியலப்பா.”

“டைமர் தட்டத் திருப்பி வெச்சீங்களா? பிடுங்கிட்டா அது அந்த நேரத்துலயே நின்னுரும்க்கா. இப்ப என்ன மணியோ அதுக்குத் திருப்புங்க. நான் அப்பவே அண்ணன்கிட்ட சொன்னேன். ரெண்டா பிரிக்காதீங்க, பகல்ல ஒரே நீட்டா எட்டு மணி நேரம் போட்டா செடி இன்னும் நல்லா வரும்னு. கேக்கல. செடி கெடக்கட்டும்டா, அக்கா கெளம்புறப்பவும் வர்றப்பவும் வீடு இருட்டா இருக்கக் கூடாது, அம்மா போன அன்னிலேர்ந்து பயப்படுதுன்னாரு. உங்ககிட்ட சொல்லலயா?”

“சொல்லல” என்றாள்.

போன் வெளிச்சத்தில் டைமரைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். தட்டு காலை ஐந்தரையைத் தொட்டதும் விளக்கு வந்தது. ஒன்பதரையில் அணைந்தது, அவனுக்குத் திருநீறு பூசிய நேரம் அது. அங்கே அவள் விரல் நின்றுவிட்டது. பிறகு தாண்டித் திருப்பினாள். மாலை ஐந்தரையில் டக்கென்று மறுபடி வந்து, ஏழே முக்கால் வரைக்கும் அணையாமல் எரிந்தது.

ஹால் முழுக்க வெளிச்சம். எதுக்குடா இத்தன வெளிச்சம் என்று வழக்கம்போல் வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பதில்தான் தெரிந்துவிட்டதே. அந்த ஒற்றை இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஒன்பதரை வரைக்கும் அழுதாள்.