இரண்டாம் பார்வை

விடிவதற்குள்ளேயே செந்தமிழ்ச்செல்விக்குக் கண்கள் எரியத் தொடங்கிவிட்டன. உழவர்கரையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி. ஏசி இரைச்சலுக்கு நடுவே பெண்கள் கணினித் திரைமுன் குனிந்திருந்தார்கள். விமானி இல்லாமல் பறக்கப்போகும் விமானத்துக்குப் பார்வை பழக்குவது அவர்கள் வேலை. கேமரா எடுத்த படங்களில் ஓடுபாதை, பறவை, மனிதர் என ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயரிட வேண்டும்.

ஒருத்தி போட்டதை முன்பெல்லாம் இன்னொருத்தி சரிபார்ப்பாள். நிர்வாகம் அதை நிறுத்திப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. மிஞ்சியவர்களுக்கு வேலை இரட்டித்தது, கூலி குறைந்தது. செல்வியின் கணவன் படுக்கையில் கிடக்க, அவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. அதனால் அவள் எதிர்த்துப் பேசாமல் வேலையைத் தொடர்ந்தாள்.

அன்று மேலாளர் கோபிநாத் வெளிறிய முகத்தோடு வந்து, செல்விக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவள் முன் நின்றார்.

"அன்னக்கிளி, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"ஏன் சார்?"

"வெளிநாட்டுல சோதனை ஓட்டம். இறங்குற விமானம் புல் வெட்டுன ஆள அடிச்சிடுச்சு. செத்துட்டான். குனிஞ்ச ஆளுங்க படத்துக்கெல்லாம் நீ நிழல்னு போட்டு வெச்சிருக்க."

அன்னக்கிளி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குப் புள்ளைங்க இருக்கா சார்?"

அவர் வாசலைக் கை காட்டினார். செல்வி எழுந்தாள்.

"அவ மேல மட்டும் பழி போடாதீங்க சார்."

"மனுசன் ஓட்டுனா அசந்துடுவான். மிஷின் அசராது. கெடுத்தது நீங்கதான்."

"அந்த மிஷினுக்குக் கண்ணே நாங்கதானே? பைலட் அசந்தா பக்கத்துல இன்னொருத்தர் இருக்காரு. எங்க பக்கத்துல இருந்தவங்கள அனுப்புனது யாரு?"

"நீயும் போறியா?"

செல்விக்குக் கணவனின் மருந்து நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டிருந்த அன்னக்கிளியின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"அவ போனா நானும் போறேன்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நிறைமாதக் கர்ப்பிணி ஆதிலட்சுமி, மேசையில் கையூன்றி எழுந்தாள்.

"நானுந்தான். பாத்து சொல்ல ரெண்டாவது ஆள் வர்ற வரைக்கும் கட்டம் போட மாட்டோம்."

ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக எல்லோரும் எழுந்தார்கள்.

"வேற ஊர்ல ஆள் கெடைக்காதா?" என்று கத்தினார் கோபிநாத். கிடைக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். யாரும் உட்காரவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் அமர்ந்தார்கள். அன்னக்கிளியின் அழுகை ஓயவில்லை. வேலை பறிபோன பாக்கியலட்சுமிக்குச் செல்வி போன் போட்டாள்.

"மண்டபத்துக்கு வா. வீட்டுக்கு அனுப்பிச்ச எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா."

"எனக்கு மறுபடி வேலை குடுப்பாங்களா?"

"தெரியாதும்மா. நீ வா."

சற்று நேரத்தில் தெருமுனையில் பாக்கியலட்சுமி தெரிந்தாள். பின்னால் இன்னும் சிலர். படியில் இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள்.