தாகத்துக்கு ஒரு நிறுத்தம்

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. காலையில் ஓட்டுநர் இருக்கையில் ஏறினால், பகல் முழுவதும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல், ஒருமுறைகூடக் கழிப்பறை தேடாமல், வண்டியை ஓட்டி முடித்துவிட்டுத்தான் இறங்குவாள். அதனால் வந்த பட்டம் அது. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பதக்கம் போல் அணிந்துகொண்டாள்.

அந்தப் பணிமனையில் பெண் ஓட்டுநர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுக்குள் மட்டும் புழங்கிய சொல் ஒன்று உண்டு: டேங்க் காயப்போடுவது. மறுநாள் நீண்ட பணி என்றால் முந்தைய மாலையே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும் என்று அதற்குப் பொருள். வண்டி திரும்புகிற கடைசி நிறுத்தங்களில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. இருக்கிற ஒன்றிரண்டிலும் தாழ்ப்பாள் கிடையாது. ஆணுக்குச் சுவர் உண்டு, மரம் உண்டு, வண்டியின் பின்புறம் உண்டு. பெண்ணுக்கு என்ன உண்டு? தாகத்தை அடக்கிக்கொள்ளும் உரிமை உண்டு. அந்த ஒரு உரிமையை மட்டும் எவரும் அவளிடமிருந்து பறிக்க வரவில்லை.

அவளைவிட இளையவளான ஓட்டுநர் ஒருத்தி இருந்தாள். சோடாபுட்டி மூக்குக்கண்ணாடி போட்டதால் எல்லாருக்கும் அவள் கண்ணாடி. சென்ற கோடையில் சிறுநீரகத்தில் கல் என்று அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்க்கப் போன ஒட்டகம், கட்டில் ஓரம் உட்கார்ந்து அறிவுரை சொன்னாள். “பழக்கிக்கணும்டி. உடம்ப நாம ஓட்டணும், அது நம்மள ஓட்டக்கூடாது.” கண்ணாடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வலி போலும் என்று நினைத்தபடி இவள் எழுந்து வந்துவிட்டாள்.

பணிமனையில் மலைத்தடம் என்று ஒன்று உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கணவாயைக் கடந்து, மறுபக்கம் இறங்கும் தடம். அதைப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை. எந்த விதியிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. எழுதாத விதிக்குத்தானே ஆயுள் அதிகம்? மாதக் கூட்டத்தில் ஒட்டகம் எழுந்து காரணம் கேட்டாள். மேலாளர் சிரித்த முகம் மாறாமல், பெண்களின் உடம்பு அத்தனை நேரம் தாங்காது, அக்கறையால்தான் சொல்கிறேன் என்றார். தாங்குமா தாங்காதா என்று எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தீர்கள் என்று அவள் கேட்டாள். கூட்டத்தில் சிரிப்பொலி எழுந்தது. அவள் ஓட்டிவந்த வண்டியின் முதுகில் அந்த வாரம் புதிதாக ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். ஏரியில் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பத்து கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில், நான்கு மணி நேரத்துக்குள். ஒலிம்பிக் தொலைவு டிரையத்லான். சன்னலுக்கு வெளியே நின்ற அந்த வண்டியைக் கைகாட்டி மேலாளர் சொன்னார்: “அத முடிச்சுட்டு வாம்மா. அடுத்த மாசமே மலைத்தடம் பொம்பளைங்களுக்கும் உண்டு. இத்தன பேர் முன்னாடி சொல்றேன்.”

முடிப்பதாக அவளும் அத்தனை பேர் முன்னாடி சொன்னாள். தோற்றால் தோற்பது அவள் ஒருத்தி அல்ல என்பது அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது தச்சரான கணவர் இழைப்புளியைக் கீழே வைக்கவேயில்லை. தண்ணியே குடிக்காதவள் தண்ணீருக்குள் இறங்கப்போகிறாளா என்று மட்டும் கேட்டார். கேலி பேசினாலும், பழைய பந்தய சைக்கிள் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துவந்து, அதன் சட்டத்தில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளுக்கான தாங்கியைத் தன் கையாலேயே பொருத்தினார். நகராட்சி நீச்சல்குளத்தின் பெண்கள் நேரத்தில் அவள் முதலில் சுவரைப் பிடித்தாள், பிறகு பலகையைப் பிடித்தாள், பிறகு எதையும் பிடிக்காமல் நீந்தினாள். பணிக்கு முந்தைய விடியல் ஒரு நேரத்தில் ஒரு வேலைக்குத்தான் இடம் கொடுத்தது. நீந்திய நாளில் ஓடவில்லை. ஓடிய நாளில் சைக்கிள் ஏறவில்லை. மூன்றையும் ஒன்றாகக் கோத்துப் பார்க்க ஒரு நாளும் வாய்க்கவில்லை. எல்லாம் வெயிலுக்கு முன்பே முடிந்துவிட்டதால், தாகம் என்ற பேச்சே எழவில்லை.

போட்டிக்கு முந்தைய நாள் மாலை, எந்த யோசனையும் இல்லாமல், கை தானாகச் செய்யும் காரியத்தைப் போல, அவள் தண்ணீரை நிறுத்தினாள். மறுநாள் நீண்ட பணி அல்லவா? டேங்க்கைக் காயப்போட்டாள்.

ஏரிக்கரையில் ரப்பர்த் தொப்பிகள் அணிந்த தலைகள் நெருக்கியடித்து நின்றன. ஊதல் ஒலித்ததும் தண்ணீர் கொதித்தது. யாரோ ஒருவரின் குதிகால் அவள் தாடையில் பட்டது. குளத்தின் அடியில் இருந்த நீலக்கோடு இங்கே இல்லை. முகத்தைத் தாழ்த்தினால் பச்சை இருட்டு. திரும்பிவிடு என்று உடம்பு சொன்னது. நெரிசல் சாலையில் அவள் என்ன செய்வாள்? ஒதுங்குவாள், இடம் விடுவாள், தன் தடத்தைப் பிடிப்பாள். அதையே இங்கும் செய்தாள். கூட்டத்தின் வெளிவிளிம்புக்கு விலகி, செம்மஞ்சள் மிதவையைத் தூரத்துப் பேருந்து நிறுத்தமாக எண்ணிக்கொண்டு, தலைதூக்கிப் பார்ப்பதும் நீந்துவதுமாகக் கையை வீசினாள். கரையேறியபோது அவளுக்குப் பின்னால் சிலர் இருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

சைக்கிளில் அவள் ராணி. வளைவை எங்கே அறுப்பது, இறக்கத்தில் எப்போது பிரேக்கை விடுவது, எதிர்க்காற்றில் எந்தக் கியருக்கு மாற்றுவது என்பதெல்லாம் அவள் உடம்பில் ஊறிக் கிடந்தவை. விலை உயர்ந்த சைக்கிள்களை ஒவ்வொன்றாகக் கடந்தாள். ஒரு திருப்பத்தில் கணவர் நின்று, எப்படிப் போகிறது என்று கைச்சாடையில் கேட்டார். அவள் ஹாரன் அடிப்பது போல் கட்டைவிரலை அமுக்கிக் காட்டினாள். வெயில் ஏறியது. சட்டத்தில் இரண்டு புட்டிகளும் நிறைந்தபடியே குலுங்கின. ஓட்டும்போது கைப்பிடியை விட்டுக் கை அகலாது. அது தொழில் தந்த பழக்கம். நாற்பதாவது கிலோமீட்டரில் அவள் இறங்கியபோது புட்டிகளின் மூடிகூடத் திறக்கப்பட்டிருக்கவில்லை.

ஓட்டம் தொடங்கியதும் கால்கள் மரக்கட்டையாக இருந்தன. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நீச்சல்குளத்தில் சொல்லியிருந்தார்கள். முதல் தண்ணீர் மேசையில் நீட்டப்பட்ட குவளையை அவள் வேண்டாம் என்று கையசைத்துக் கடந்தாள். அடுத்த மேசையிலும் அதே கையசைப்பு. பக்கத்தில் ஓடிய பெரியவர் ஒருவர், குடித்துக்கொள்ளுங்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னபோது அவளுக்குள் பழைய பெருமிதம் எட்டிப் பார்த்தது. ஒட்டகத்துக்கா சொல்கிறீர்கள்?

பாதி ஓட்டம் தாண்டியதும் வேர்வை நின்றது. கொளுத்தும் வெயிலில் கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. இடது கெண்டைக்கால் இறுகி முறுக்கிக்கொண்டது. சாலையின் இரு ஓரங்களும் கறுத்து உள்ளே நெருங்கி வந்தன. நடைபாதை விளிம்பில் அவள் உட்கார்ந்தாள். உட்காரவில்லை, விழாமல் இறங்கினாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் கண்ணாடி. பணிமனைப் பெண்கள் எல்லாரும் பணியை மாற்றிக்கொண்டு பார்க்க வந்திருந்தார்கள். கையில் புட்டியோடு ஓடிவந்தவளைப் போட்டி நடுவர் தடுத்து நிறுத்தினார். வெளியார் எதைக் கொடுத்தாலும் ஓடுபவரை நீக்கிவிடுவோம், மேசையில் அவராகப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மருத்துவ வண்டியை அழைக்கிறேன் என்றார். மேசை கொஞ்ச தூரத்தில் இருந்தது. கண்ணாடி குனிந்து, அவள் முகத்தைத் தொடாமல், முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

“அக்கா, காலையிலேர்ந்து ஒரு வாயாவது குடிச்சியா?”

“குடிச்சா எங்கடி போறது?”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்தக் கேள்வி அவள் காதிலேயே விழுந்தது. கண்ணாடி விரலை நீட்டி அவளுக்குப் பின்னால் காட்டினாள். திரும்பிப் பார்த்தாள் ஒட்டகம். ஓட்டப்பாதை சுற்றிவந்து முடிகிற மைதானத்தின் ஓரம் நெடுக வரிசையாக நின்றன தற்காலிகக் கழிப்பறைகள்: நீல நிறம், ஒவ்வொன்றிலும் தாழ்ப்பாள், சில கதவுகள் காற்றில் திறந்தே ஆடிக்கொண்டிருந்தன. எவரும் வரிசையில் இல்லை. எவரும் காவல் நிற்கவில்லை. அவளைத் தடுக்க இந்த உலகத்தில் யாருமே இல்லாத அந்த இடத்தில், தடுப்பவரின் வேலையை அவளே செய்துகொண்டிருந்தாள்.

இதையா வலிமை என்று இத்தனை ஆண்டுகள் நம்பினேன்? கழிப்பறை கட்டாதவன் குற்றத்தை என் அடிவயிற்றில் சுமந்துகொண்டு, சுமக்க முடியாமல் விழுந்தவளிடம் போய்ப் பழக்கிக்கொள் என்றல்லவா சொன்னேன்? பூட்டியவன் போய்விட்டான், பூட்டைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தது நான் அல்லவா?

மன்னிப்புக் கேட்க அது நேரமில்லை. “கல்லு வலி எப்படி இருந்துச்சுன்னு நான் உன்ன கேக்கவே இல்லடி” என்று மட்டும் சொன்னாள்.

“அப்புறம் கேளு. இப்ப எந்திரி.”

நடுவர் கையில் வாக்கி-டாக்கியோடு அவள் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேட்ட கேள்விகளுக்கு, இன்று என்ன கிழமை, எங்கே நிற்கிறாய் என்பவற்றுக்கு, அவள் சரியாகப் பதில் சொன்னாள். விளக்குக் கம்பத்தைப் பிடித்து எழுந்தாள். ஒரு காலை இழுத்து, மறு காலை வைத்து, கொஞ்ச தூரம்தான் என்று கண்ணுக்குத் தெரிந்த அந்த மேசையை நோக்கி ஊர்வலம் போவது போல் நடந்தாள். பக்கத்திலேயே, தொடாமல், நடைபாதைமேல் கண்ணாடி நடந்தாள். மேசையில் ஒரு குவளை குடித்தாள். உப்புக் கரைசல் கலந்த இன்னொன்றைச் சிறுகச் சிறுகக் குடித்தாள். ஆரஞ்சுச் சுளையைச் சப்பினாள். தலையில் ஒரு குவளையைக் கவிழ்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அவள் ஓடவில்லை. வேறு யாராக இருந்தாலும் அவசரப்பட்டிருப்பார்கள் அந்த இடத்தில். அவள் நின்று குடித்தாள்.

சாலையின் ஓரங்கள் மெல்ல விலகி வெளிச்சம் வந்தது. பிறகு நடந்தாள். நடந்ததை ஓட்டமாக்கினாள். கெண்டைக்கால் முறுக்கும்போது நடைக்கு இறங்கினாள். விட்டதும் மறுபடி ஓடினாள். அடுத்த மேசையில் குடித்தாள். அதற்கடுத்ததிலும் குடித்தாள். சைக்கிளில் அவள் கடந்துவந்த அத்தனை பேரும் அவளைக் கடந்து போனார்கள். ஒருவர் மேலும் அவளுக்குப் பொறாமை வரவில்லை. மலைத்தடம் மட்டும் கண்ணில் நின்றது, வளைவு வளைவாக.

கடைசி வளைவு திரும்பியபோது தடுப்புகளை ஒருபுறம் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். எல்லைக்கோட்டின் மேல் தொங்கிய கடிகாரத்தில் நான்கு மணி நேரம் முடியக் கொஞ்சமே பாக்கி. கோட்டுக்கு அப்பால் கணவர் தோள் துண்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, கேலி ஒன்றும் அகப்படாமல் நின்றார். பணிமனைப் பெண்கள் தடுப்பைத் தட்டினார்கள். கோட்டைத் தாண்டியதும் தன்னார்வலர் ஒருவர் கழுத்தில் எதையோ மாட்ட வந்தார். அவள் அவரை விலக்கி, நேராக நடந்து, நீலக் கதவு ஒன்றைத் திறந்து, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். வெளியே பெண்கள் சிரித்த சிரிப்பு அவளுக்கு உள்ளே கேட்டது. அவளும் சிரித்தாள்.

மறுநாள் காலை மேலாளர் அறைக்குக் கண்ணாடியையும் உடன் அழைத்துக்கொண்டு போனாள். நேராகப் படி ஏற முடியாமல் பக்கவாட்டில் ஏறினாள். மேலாளர் எழுந்து நின்று கை தட்டினார். சொன்ன சொல் சொன்னதுதான், அடுத்த மாதம் முதல் மலைத்தடம் உங்களுக்கு என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“அதுவும் ஒட்டகம்னா எனக்குக் கவலையே இல்ல. வழியில நிறுத்தணும், இறங்கணும்னு ஒரு தொல்லை கிடையாது.”

“அந்த ஒட்டகம் நேத்து ரோட்டோரத்துல விழுந்துடுச்சு சார்,” என்றாள் அவள். “மலைத்தடத்த நாங்க ஓட்டுறோம். கணவாய்ல பத்து நிமிஷம் வண்டி நிக்கும். அங்க தண்ணி வேணும், தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை வேணும். இந்தப் பக்கக் கடைசி நிறுத்தங்கள்லயும் வேணும்.”

மேலாளரின் சிரித்த முகம் முதன்முறையாக மாறியது. இத்தனை ஆண்டுகளாக ஆண்கள் ஓட்டவில்லையா, அவர்கள் ஒருவராவது இப்படிக் கேட்டார்களா என்றார்.

“அவங்க மரத்தடிக்குப் போறாங்க சார். பின்னாடி பார்க்கிற கண்ணாடி எங்க வண்டியிலயும் இருக்கு.”

கண்ணாடி சிரிப்பை இருமலாக்கி மறைத்தாள். விடுப்பு கேட்க வந்து மூலையில் நின்ற மலைத்தட ஓட்டுநர் ஒருவர் தரையைப் பார்த்தபடி, வளைவுகளில் நிறுத்த வழியின்றி அடக்கிக்கொண்டே ஓட்டித் தனக்கும் இரண்டு முறை கல் எடுத்திருக்கிறார்கள், கேட்டால் ஆண்பிள்ளை இல்லையா என்பார்களே என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் என்றார். மேலாளர் நாற்காலியில் அமர்ந்தார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார், பார்க்கலாம் என்றார், நீங்கள் இப்போது போய்வாருங்கள் என்றார்.

அவள் எதிர் நாற்காலியை இழுத்து, இரண்டு கைகளையும் ஊன்றி, தொடைகள் கதறக் கதற மெதுவாக அமர்ந்தாள்.

“மேலிடத்துல இப்பவே கேளுங்க சார். எனக்கு இன்னிக்கு வார விடுப்பு. இந்தக் கால வச்சுக்கிட்டு உடனே எந்திரிக்கவும் முடியாது.”

கண்ணாடி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். மூலையில் நின்ற ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிவிட்டு மூன்றாவது நாற்காலியைத் தேடினார். மேலாளர் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொலைபேசியைத் தன் பக்கம் நகர்த்தினார்.