ஓட்டையை அடைக்க மாட்டேன்

அன்றைக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைக்காவிட்டால் என் டாக்ஸியும் காலி, என் பிழைப்பும் காலி. வண்டிக்குப் பதினாலு வயசு. "ஷோபனா, வித்துத் தொலைச்சிட்டு வீட்டுல உட்காரு" என்று எங்கள் ஊர் டாலிகஞ்சில் சொல்லாத ஆள் கிடையாது. நான் ஏன் விற்க வேண்டும்?

எங்கள் தீவில் உப்பு ஈரம் காரை உள்ளேயிருந்துதான் தின்னும். கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் தகரப் பெட்டிக்குள் தங்கி, பெயிண்ட் பளபளக்கும்போதே அரித்துவிடும். அதனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னால், மெழுகு கலந்த எண்ணெயைக் குழாய் விட்டு உள்ளே நானே பீய்ச்சுவேன். பெட்டியின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக மிச்ச எண்ணெய் ரெண்டு மூணு நாள் சொட்டும். சொட்டட்டுமே.

இந்த வருஷம் சொட்டு நிற்பதற்குள் எஃப்.சி. தேதி வந்துவிட்டது. மெக்கானிக் ஐயாவு, ஓட்டைகளில் பட்டிப் பசை வைத்து அடைத்துவிடலாம், கடல் தண்ணி ஏறாமலிருக்க ஊரே அப்படித்தான் செய்கிறது என்றார். அடைத்தால் உள்ளே போன தண்ணீர் எந்த வழியாக வெளியே வருமாம்? கோபத்தில் அந்தப் பட்டி டப்பாவைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன்.

சோதிக்க வந்த அதிகாரி ராஜமாணிக்கம் தரையில் விழுந்த சொட்டைப் பார்த்தார். குனியக்கூட இல்லை. என்ஜின் ஒழுகுது, ஃபெயில் என்று பேனாவைத் திறந்தார்.

"தேக்கியே சார், நல்லாப் பாருங்க, என்ஜின் முன்னால இருக்கு, இது கதவுக்குக் கீழ சொட்டுது, துருப் பிடிக்காம இருக்க நான் பீய்ச்சுன எண்ணெய். சுத்தியல எடுத்து இந்தத் தகரத்தத் தட்டுங்க. ஒரு இடம் உள்ள போச்சுன்னா சாவியக் குடுத்துட்டு நடந்தே போறேன்."

வரிசையில் நின்ற டிரைவர்கள் வேடிக்கை பார்த்ததால் வீம்புக்குத் தட்டினார், ரெண்டு பக்கமும். கணீரென்றது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்போதும் மனுஷன் வாய் சும்மா இல்லை. பக்கத்தில் நின்ற தன் சொந்தக் காரைக் காட்டி, வண்டி என்றால் இப்படி ஒரு சொட்டு இல்லாமல் இருக்கணும் என்றார். புதுப் பெயிண்ட். நான் குனிந்து பார்த்தேன். அத்தனை ஓட்டையிலும் பட்டி அடைத்திருந்தது.

"இங்க, கதவுக்குக் கீழ, கட்டை விரலால அழுத்திப் பாருங்க சார்."

அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. டீ நிறத்தில் துருத் தண்ணீர் அவர் கை வழியாகச் சட்டைக்குள் ஓடியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

என் தாளில் பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று மெதுவாகக் கேட்டார்.

"எண்ணெய் அப்புறம் சார். மொதல்ல ஓட்டையத் தொறங்க."